சிறிய மடக்குக் கத்தி: ஒபினெல் 6, சுவிஸ் கடேற், ஊர்ப் பட்டறைக் கத்தி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கத்திப் பெட்டியில் புதிதாகச் சேர்ந்தது ஒபினெல் 6ஆம் இலக்கம், கார்பன் உருக்கு அலகு கொண்டது. பிரான்சிலிருந்து வந்த கோலத்திலேயே அது வன்னி மாரிக்குத் தாக்குப்பிடிக்காது. கொஞ்சம் தேன்மெழுகும் ஒரு பின்னேரப் பொழுதும் அதற்குச் செலவிட வேண்டும். செலவிட்டால், இந்த அளவில் அதை விஞ்சும் கத்தியை நான் இதுவரை கையில் பிடித்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் எந்தக் கத்தியைச் சொல்லி அனுப்புவது என்று என்னிடம் பலர் விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் முள்ளியவளையில் பழமரக் கன்றுகள் ஒட்டி விற்கிறேன். பெரும்பாலும் மா; தேசியும் தோடையும் கொஞ்சம். நாள் முழுவதும் கையில் கத்தி இருக்கும் தொழில் இது. அதிலிருந்துதான் சேர்க்கும் ஆசையும் வளர்ந்தது. மீளக்குடியேறிய பிறகு தொடங்கிய சேகரிப்பு என்பதால் பழைய சாமான்கள் அதில் குறைவு. மிகப் பழையது ஐயாவின் ரொட்ஜர்ஸ் பேனாக்கத்தி. யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டு அலுமாரியில் இருந்தபடியால் அது தப்பியது. அலகின் அடியில் நட்சத்திரமும் சிலுவையும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் ரொட்ஜர்ஸ் நிறுவனம் தன் கத்திகளில் அடித்த முத்திரை அது. வில்லின் இறுக்கம் இன்றுவரை தளரவில்லை. மூடும்போது எழும் அந்த ஒற்றைச் சத்தத்துக்காகவே சில வேளைகளில் எடுத்துத் திறந்து மூடுவேன். அதை வேலைக்குக் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

மற்றவை எல்லாம் பெரியவை. சீவல் தொழிலை விட்ட ஒருவர் தந்த பாளைக்கத்தி, காட்டுக்கத்திகள், ஒரு கொக்கத்தி, நெல் அரிவாள், பித்தளைப் பாக்குவெட்டி. தொழிலுக்கென்று ஜெர்மனியின் டீனா நிறுவனத்து ஒட்டுக்கத்தி ஒன்று இருக்கிறது. ரொய்ட்லிங்கன் நகரில் 1854 முதல் கத்தி செய்கிறவர்கள் அவர்கள். ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டிய அலகு; ஒட்டு வேலையில் அதற்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை. அதைக் கன்றுத் தோட்டத்தை விட்டு வெளியே எடுப்பதில்லை. சாக்கு நூல் அறுக்க, உரப்பை வெட்ட, வழியில் மாங்காய் சீவ, அந்நியர் வளவில் நல்ல ஒட்டுமுளை (ஒட்டுவதற்கு வெட்டும் இளங்கொம்பு) ஒன்றைக் கண்டால் கேட்டு வெட்டிக்கொண்டு வர, கைப்பையின் பக்க அறையில் கிடக்கக்கூடிய சிறிய மடக்குக் கத்தி ஒன்று இல்லாத குறை நெடுநாளாக இருந்தது.

சிறியது வாங்கும்போது எல்லோரும் அலகின் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் பிடியைப் பார்க்கச் சொல்வேன். கத்தி சிறுத்தாலும் பிடிக்கும் கை சிறுப்பதில்லை. பிடி உள்ளங்கைக்குள் மறைந்துபோகும் கத்தியில் விரல் நுனிகளால்தான் அழுத்த முடியும். பென்சில் பருமனான மாங்கொம்பை ஒரே இழுப்பில் வெட்ட அந்தப் பலம் போதாது. அரைவாசியில் நின்று மறுபடி இழுக்க வேண்டிவரும். அப்படி இரண்டு தரம் இழுத்த வெட்டு ஒட்டுக்கு உதவாது. சிறிய கத்தியில் கை நழுவுவதும் பெரிய கத்தியை விட அதிகம். விரல்கள் நான்கும் பிடியில் இருக்க வேண்டும். மழைக்கையோடு திறக்க வேண்டும். திறந்தால் தானாக மடங்கக் கூடாது. வீட்டுத் தீட்டுக்கல்லிலேயே கூர் வர வேண்டும். பொருத்திப் பார்க்க எனக்கிருந்த அளவுகோல்கள் இவைதான்.

சந்தையில் பளபளப்பான பொத்தான் கத்திகள் தொங்குகின்றன. மலிவு. எடுத்து அலகை இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள், ஆடும். பூட்டை நம்பி அழுத்தினால் விரலுக்கு ஆபத்து. மேலே பேசத் தேவையில்லை.

சுவிஸ் கத்திக்கு வருகிறேன். பேர்ணில் இருக்கும் மச்சாள் கொண்டுவந்தது விக்டோரினொக்ஸ் கடேற். இபாக் என்ற சிற்றூரில் 1884 இல் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறைதான் இந்த நிறுவனம். 1891 இல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கி, 1897 இல் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பல அலகுக் கத்தியைக் கொண்டுவந்தார்கள். கடேற் மூடிய நிலையில் 84 மில்லிமீற்றர். சிவப்புப் பிளாஸ்ரிக் அல்ல, சின்னச் சின்னப் புடைப்புகள் பதித்த அலுமினியப் பிடி. மிகத் தட்டை, பையில் இருப்பதே தெரியாது. ஒரு அலகு, பேணி திறக்கும் கருவி, போத்தல் திறக்கும் கருவி, நக அரம். பேணி திறக்கும் கருவியின் நுனி சிறு திருகாணிகளுக்கும் பொருந்தும். நீர்ப்பம்பியின் வயர் இணைப்பை அதனால் இறுக்கியிருக்கிறேன்.

செய்நேர்த்தியில் குறை சொல்ல இடமில்லை. அலகு துருப்பிடிப்பதில்லை, கொஞ்சம் மென்மையான உருக்கு என்பதால் சீக்கிரம் மழுங்கும், அதே வேகத்தில் கல்லில் கூரும் வரும். மழை, வெயில், வியர்வை எதுவும் அதை அசைக்காது. யாராவது ஒரே ஒரு கத்தி வாங்கப்போகிறேன், பராமரிக்க நேரமில்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். என் தேவைக்கு அது ஏன் ஒத்துவரவில்லை என்றால், இரண்டு காரணம். திறக்க நகத்தால் இழுக்க வேண்டும். மண்ணும் மாம்பாலும் அப்பிய ஈரக் கையில், கட்டையாக வெட்டிய நகத்தோடு, அந்தப் பள்ளம் பிடி தருவதில்லை. மற்றது, அலகுக்குப் பூட்டு இல்லை. வில்லின் இறுக்கத்தில்தான் நிமிர்ந்து நிற்கிறது. இழுத்து வெட்டும் வரை பயமில்லை. பொலித்தீன் பையின் அடியில் வடிகால் துளை போடக் குத்தும்போது அது என் விரல் மேல் மடங்குமோ என்ற எண்ணம் போகவில்லை. தட்டையான பிடி நெடுநேர வேலைக்கு உள்ளங்கையை உறுத்தவும் செய்கிறது. வீட்டு மேசை இலாச்சியில் இப்போது அதற்கு நிரந்தர இடம். மகள் பாடசாலை வேலைகளுக்கு எடுக்கிறாள்.

இனி ஒபினெல். சித்தியின் மகன் பாரிஸில் இருக்கிறான். லாச்சப்பல் பக்கம் கடை வைத்திருக்கும் அவனிடம் 8ஆம் இலக்கமும் 6ஆம் இலக்கமும் கொண்டுவரச் சொன்னேன். "அக்கா, இங்கே சந்தையில் பாண் வெட்டும் கிழவர்கள் வைத்திருக்கும் கத்தி இது, இதையா கேட்கிறீர்கள்?" என்றான். அதையேதான் கேட்டேன். பிரான்சின் சவுவா மலைப் பகுதியில் 1890 இல் ஜோசப் ஒபினெல் என்ற இளைஞர் செய்யத் தொடங்கிய உழவர் கத்தி. 1897 இல் 1 முதல் 12 வரை இலக்கமிட்டு அளவு அளவாகச் செய்தார்கள். 1ஐயும் 11ஐயும் பின்னர் கைவிட்டுவிட்டார்கள். அலகில் முடி சூடிய கை ஒன்று பொறித்திருக்கும். உருண்டையான மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, அசையாத உலோகப் பட்டை ஒன்று, அதன் மேல் திருகும் வளையம் ஒன்று. கத்தி முழுவதும் அவ்வளவுதான். பழுதாவதற்கு அதில் என்ன இருக்கிறது?

அந்த வளையம்தான் இதன் சிறப்பு. 1955 இல் சேர்த்தது. அலகைத் திறந்து வளையத்தைப் பெருவிரலால் ஒரு பக்கம் திருகினால் அலகின் அடி அதில் முட்டி நிற்கும், மடங்க வழியில்லை. 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு செய்தவற்றில் மூடிய நிலையிலும் பூட்டலாம், பைக்குள் திறந்துகொள்ளும் பயம் இல்லை. ஒரு எச்சரிக்கை: 6க்குக் கீழுள்ள இலக்கங்களில் இந்த வளையம் இல்லை. சின்னது அழகாக இருக்கிறது என்று 4ஐ வாங்கிவிடாதீர்கள்.

8இன் அலகு எட்டரைச் சென்ரிமீற்றர், 6இன் அலகு ஏழு. எண்ணில் பார்த்தால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் பெரிய வேறுபாடாகத் தெரியாது. கையில் எடுத்தால் இரண்டும் வேறு வேறு கத்தி. 8ஐக் கைப்பையில் போட்டால் பை ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். 6 கிடப்பது தெரியாது, ஏறக்குறைய 30 கிராம்தான். பிடி ஒன்பது சென்ரிமீற்றருக்குச் சற்றுமேல். என் கைக்கு நான்கு விரலும் அடங்குகின்றன, சின்னவிரல் விளிம்பில் நிற்கிறது. அண்ணையின் கையில் கொடுத்தேன், மூன்று விரல்தான் பிடித்தது. அவருக்கு 8தான் சரி. உருண்டைப் பிடி என்பதால் எந்தக் கோணத்தில் திருப்பினாலும் உறுத்துவதில்லை. கன்றை இடக்கையில் சாய்த்துப் பிடித்து வெட்டும்போது இதன் அருமை தெரியும்.

அலகு துருப்பிடிக்காத உருக்கிலும் கார்பன் உருக்கிலும் கிடைக்கிறது. நான் கார்பனைக் கேட்டு வாங்கினேன். கூர் ஏறும் விதமே வேறு. அரிசி கழுவிய கல்லுச் சட்டியின் அடியில் தேய்த்தாலே ஓரளவு வந்துவிடும். நல்ல தீட்டுக்கல்லில் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு, பிறகு பழைய இடுப்புப் பட்டித் தோலில் நாலு தடவல், கடதாசி சத்தமில்லாமல் பிளக்கும். பதிலுக்கு அது கவனிப்புக் கேட்கும். முதல் தரம் பச்சை மாங்காய் சீவியபோது அலகு கண்ணெதிரே நீலம் பாய்ந்து, பிறகு சாம்பலாக, விளிம்பில் கறுப்பாக மாறியது. மாங்காயிலும் இரும்பு வாசம் அடித்தது. பதறி உரஞ்சக் கூடாது. அந்தச் சாம்பல் படலம் சீராகப் படிந்தபிறகு அலகு சுலபத்தில் துருப்பிடிக்காது, வாசமும் வராது. வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு ஒரு துளி தேங்காயெண்ணெய். வேறொன்றும் வேண்டாம்.

உண்மையான பிரச்சினை பிடியில் இருக்கிறது. பீச் மரம், ஈரத்தைக் குடிக்கும். கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தால் பிடியின் வெட்டு வாய் வீங்கி அலகை இறுகக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுத்து நகம் பிய்ந்ததுதான் மிச்சம். சவுவாக்காரர்கள் பிடியின் வாற்புறத்தைக் கட்டையில் தட்டி அலகை ஒரு நூல் அளவு வெளியே வரச் செய்வார்கள். தட்டிப் பார்த்தேன், வந்தது. நனைந்த கையோடு கன்றுகளுக்கு நடுவில் நின்று கட்டை தேடுவது நடக்கிற காரியம் இல்லை.

நான் செய்த வழி இது. வளையத்தைக் குறட்டால் மெதுவாக விரித்துக் கழற்றினேன். கத்தியைப் பங்குனி வெயிலில் ஒரு நாள் முழுவதும் காயவிட்டேன். வெட்டு வாயின் உட்சுவர்களை மெல்லிய அரத்தாளை மடித்து இரண்டு பக்கமும் கொஞ்சம் தேய்த்தேன். அலகின் இருபுறமும் கடதாசி நுழையும் அளவு இடைவெளி போதும். ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து தேன் கொண்டுவருபவரிடம் கேட்டால் அடை பிழிந்த மெழுகு தருவார். அதை ஒரு பேணியில் போட்டு, பேணியைக் கொதிநீரில் வைத்தால் உருகும். நேரே அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். அலகைத் திறந்தபடி பிடியின் தலைப்பகுதியை உருகிய மெழுகில் நிறுத்தினேன். மரத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. மரத்துக்குள்ளிருந்த காற்று வெளியேறி அந்த இடத்தில் மெழுகு இறங்குகிறது என்று அர்த்தம். குமிழி நிற்கும்வரை வைத்திருந்து, எடுத்து, சூடு ஆறுமுன் துணியால் துடைத்து, அலகைப் பல தரம் திறந்து மூடி வழிவிட்டு, வளையத்தை மாட்டினேன். பீச் மரத்தின் வெளிர் நிறம் தேன் நிறத்துக்கு மாறியது, பார்க்க இன்னும் வடிவு. அதற்குப் பிறகு வந்த மார்கழி மழையில் தட்டாமலே திறந்தது.

ஒட்டு வேலைக்கு அது எப்படி? ஆப்பு ஒட்டில் ஒட்டுமுளையின் அடியை இரு பக்கமும் சாய்வாகச் சீவ வேண்டும். சீவிய முகம் மட்டமாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே ஒட்டுக்கட்டையோடு (முளையைப் பொருத்தும் கன்று) சேர்த்துப் பிடித்தால் நடுவில் கீற்று வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த இடத்தில் பட்டைகள் ஒட்டாது. ஒபினெல் அலகின் பக்கங்கள் மெல்லிதாகப் புடைத்தவை. மரத்தில் இறங்கும்போது அந்தப் புடைப்பில் கத்தி லேசாக உருண்டு, முகத்தின் நடுவே ஒரு மேடு விட்டுவிடுகிறது. மணிக்கட்டை அசையாமல் பூட்டி, முழங்கையால் இழுத்தால் சரிவருகிறது. வழியில் கண்ட ஒரு அம்பலவி மாவிலோ கறுத்தக்கொழும்பான் மாவிலோ முளை வெட்டிக்கொண்டு வர இது தாராளம். நூறு கன்று ஒட்ட உட்காரும்போது டீனாவைத்தான் எடுப்பேன்.

அந்த ஒருபக்கச் சாய்வைச் சிறிய மடக்குக் கத்தியில் பெற முடியாதா என்ற எண்ணத்தில்தான் தண்ணீரூற்றுப் பக்கத்துக் கொல்லர் ஒருவரிடம் போனேன். வயதானவர். காட்டுக்கத்தியும் மண்வெட்டியும் அடிப்பவர். மடக்குக் கத்தி கேட்டு ஒருவரும் வந்ததில்லையாம், ஆனாலும் ஒப்புக்கொண்டார். லொறி வில்லுத் தகட்டின் நுனித் துண்டை எடுத்தார். கரியில் வைத்து, கைச்சுழற்றி ஊதி, செம்மஞ்சள் நிறம் வந்ததும் அடித்து, மறுபடி சூடாக்கி, மெல்ல மெல்ல நீட்டினார். தோய்ச்சல் போட்டது பழைய எஞ்சின் எண்ணெயில். அதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். அலகின் ஒரு பக்கத்தைக் கல்லில் உரஞ்சி வெள்ளையாக்கி, முதுகுப் பக்கத்தைத் தணலுக்குக் காட்டினார். "பிள்ளை, நிறம் ஓடுவதைப் பார்" என்றார். முதுகில் நீலமும் ஊதாவும் கிளம்பி வாய்ப் பக்கம் நகர்ந்து வந்தன. அவற்றுக்கு முன்னால் வைக்கோல் நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு வாயைத் தொட்ட கணத்தில் தண்ணீரில் போட்டார். முதுகு வளைந்து கொடுக்கும், வாய் கடினமாக நிற்கும். வெப்பமானி எதுவும் இல்லை, கண் ஒன்றுதான்.

பிடிக்குப் பாலை மரம். கைக்கு அடக்கமான அளவிலும் நல்ல கனம். பீச்சைப் போல் ஈரம் குடிப்பதே இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா கேட்டார், கூடக் கொடுத்தேன். ஒட்டுக்கு மிகச் சிறந்த முகம் தரும் மடக்குக் கத்தி இதுதான், ஒபினெல் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அதற்குப் பூட்டும் இல்லை, வில்லும் இல்லை. ஆணியின் இறுக்கம் ஒன்றுதான் அலகை நிறுத்துகிறது. ஒரு போகம் பாவித்ததும் ஆணி தளர்ந்து அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கித் தருகிறார், காசும் வாங்குவதில்லை. கையெட்டும் தூரத்தில் திருத்துபவர் இருப்பது எவ்வளவு பெரிய வசதி! பித்தளைத் தகட்டு வளையம் இரண்டை அலகின் இருபுறமும் வைத்து ஆணி அடித்தால் இந்தத் தளர்வு குறையும் என்று நினைக்கிறேன். அடுத்ததை அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அது சரிவந்தால் கைப்பைக்குள் இருப்பது ஊர்க் கத்தியாகத்தான் இருக்கும். ஆசைப்பட்டுக் காத்திருக்கிறேன்.

இப்போதைக்கு 6. வாங்க நினைப்பவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். பிரான்சில் பத்து யூரோவை ஒட்டிய விலைதான், பெரிய செலவு இல்லை. கடேற் அதைவிடப் பல மடங்கு. கொண்டுவருபவர் அதை விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டிக்குள் வைக்க வேண்டும், கைப்பொதியில் வைத்தால் பறிபோகும். கடையில் எடுக்கும்போது அலகைத் திறந்து வளையத்தைத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கத்தில் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபடும், பாதித் திருகலில் பிடிப்பதை எடுத்தால் நல்லது. அலகின் நடு, பிடியின் வெட்டு வாய்க்கு நேரே நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே வந்தபின் மாவட்டக் கச்சேரிக்கோ நீதிமன்றத்துக்கோ போகும் நாளில் பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூடிய நிலையில் வளையத்தைப் பூட்டி வையுங்கள். கை பெரியவர்கள் 6 வேண்டாம், 8ஐக் கேளுங்கள். மெழுகு ஏற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்; வெயில் ஏறும் பங்குனியில் செய்தால் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும், மெழுகும் ஆழமாக இறங்கும்.